கையில் கண்ணாடி

"கோபம் வந்தா உங்க கை யாரோட கையா மாறிடுதுப்பா?"

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. கேட்ட நேரத்தில் வீட்டில் எந்தச் சண்டையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை. ஜன்னலோரம் அவளை மடியில் உட்காரவைத்து அப்பா நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அவள் அவருடைய வலது கையைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இப்ப இது உங்க கைதான். வலிக்கவே இல்ல. அன்னைக்குத் தட்ட விட்டெறிஞ்சது வேற கை."

"இன்னும் ரெண்டு விரல் பாக்கி. ஆடாம இரு, சிட்டு," என்றார் அவர். அடுத்த விரலைப் பிடித்தார்.

கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுவது அவர் வேலை. பத்தொன்பது வருடமாக அதே மேசை, அதே கம்பளி விரிப்பு. அளவுகோலை வைத்து, வெட்டும் பேனாவை மண்ணெண்ணெயில் தொட்டு, மூச்சை விட்டு, "கடவுளே" என்று சொல்லி ஒரே ஒரு கோடு இழுப்பார். ஒரு கோட்டின் மேல் இரண்டாம் முறை இழுக்கக் கூடாது. இழுத்தால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். அவர் கோடு இழுத்த கண்ணாடி சொன்ன பேச்சைக் கேட்கும். கடைக்கு வருகிறவர்கள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.

அந்தக் கைதான் வீட்டில் தட்டை எறிந்தது. சீப்பை, செருப்பை, ஒருமுறை ரேடியோவை. ஆளை அடித்ததில்லை என்பதை அவர் ஒரு பெருமையைப் போல மனதுக்குள் வைத்திருந்தார். வீட்டில் இருந்தவர்களோ அவர் முகம் மாறும்போதே, கைக்கெட்டும் தூரத்தில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக நகர்த்தி வைக்கப் பழகியிருந்தார்கள். ஆறு வயதுக் குழந்தைகூடத் தன் பென்சில் டப்பாவை எடுத்துப் பின்னால் மறைத்துக்கொள்ளும்.

நகம் வெட்டிய நாளுக்குப் பிறகு ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். காலையில் கடைக்குக் கிளம்பும்போது அலமாரிச் சாவியைக் காணோம்.

"எங்க வெச்சீங்கன்னு யோசிச்சுப் பாருங்க," என்றாள் மனைவி.

"பாக்குறேன்."

"நேத்துப் போட்ட சட்டையில?"

"பாக்குறேன்னு சொன்னேன்ல."

"இல்லங்க, எங்க வெச்சீங்கன்னு—"

மேசை மேலிருந்த பித்தளைச் சொம்பு பறந்தது. அது யாரையும் குறிவைத்துப் போகவில்லை. மகளின் தலைக்கு ஒரு சாண் தள்ளிப் பறந்து, திறந்திருந்த வாசல் கதவைத் தாண்டி, இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள நடைபாதையைக் கடந்து, எதிர்வீட்டு ஜன்னலில் மோதியது. கண்ணாடி உடையும் சத்தத்தை அவருடைய காதுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று மில்லிமீட்டர் கனம், ஒன்றேகால் அடிக்கு ஓரடி. உடைந்த நொடியிலேயே அளவு மனதில் விழுந்துவிட்டது.

சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

மனைவி சத்தம் போடவில்லை. மகளின் பள்ளிப் பையில் இரண்டு பாவாடைகளை மடித்து வைத்தாள். "அண்ணன் வீட்டுக்குப் போறேன். உங்க மேல கோபம்னு நெனைக்காதீங்க. அடுத்த சொம்பு எங்க போய் விழும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அது தெரியறவரைக்கும் இவ இங்க இருக்க வேண்டாம்," என்றாள். மகள் படியில் இறங்கும்போது திரும்பி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டுத் தையல்காரம்மா கதவைத் தட்டினாள். ஐம்பது வயதைத் தாண்டியவள், தனியாக இருப்பவள். கழுத்தில் அளவு நாடா எப்போதும் மாலையைப் போலத் தொங்கும். கையில் சொம்பு. ஒரு பக்கம் நசுங்கியிருந்ததே தவிர, கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது.

"இது உருண்டு எங்க பக்கம் வந்துடுச்சு, தம்பி."

"அக்கா, அந்தக் கண்ணாடி..."

"காத்துல ஜன்னல் அடிச்சு உடைஞ்சுது. ஓனர் கேட்டப்பவும் அதான் சொன்னேன்."

அன்று முழுவதும் ஓர் இலைகூட அசையவில்லை. இருவருக்கும் அது தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் போகாமல் நின்றாள்.

"எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான், கை நிக்காது. நல்ல மனுஷன். போய்க் காட்டுங்கன்னு கடைசிவரைக்கும் சொன்னேன். எனக்கென்ன பைத்தியமான்னு கேட்டாரு. பெரிய ஆஸ்பத்திரியில பதினாலாம் நம்பர் ரூம். வியாழக்கிழமை. அவருக்குன்னு விசாரிச்சு வெச்சது, வீணாப் போச்சு. நீங்களாவது போங்க."

மறுநாள் பார்த்தால் அந்த ஜன்னலில் அட்டை அடைத்திருந்தது. ஊசியில் நூல் கோக்க அவளுக்கு வெளிச்சம் வரும் ஒரே ஜன்னல் அது. கண்ணாடி வெட்டுகிறவன் ஒரு மணி நேரத்தில் சரி செய்துவிடலாம். ஆனால் அவர் செய்யவில்லை. போட்ட கண்ணாடியை மறுபடி உடைக்கமாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? அட்டையைத் தினமும் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போனார். வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்.

பதினாலாம் எண் அறைக்கு வெளியே பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் "நீங்க முன்னாடி போங்க", "பரவால்ல, நீங்க போங்க" என்று விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்கா கை நிற்காது என்று அவருக்குத் தோன்றியது. அவரைப் பார்த்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

முதலில் ஒரு டாக்டர் தூக்கம், குடி, தலையில் அடிபட்டது எல்லாம் விசாரித்து, மாத்திரை இப்போதைக்கு வேண்டாம் என்று ஆலோசகரிடம் அனுப்பினார். ஆலோசகர் சின்ன வயதுப் பெண். கடும் ஜலதோஷம். கைக்குட்டையும் கையுமாக இருந்தாள்.

"பத்தொன்பது வருஷத்துல, கடையில கோபம் வந்து எத்தனை கண்ணாடி உடைச்சிருப்பீங்க, சார்?"

அவருக்கு ரோஷம் வந்தது. "ஒண்ணுகூட இல்லம்மா."

"அங்க உங்களுக்குக் கோபமே வராதா?"

"சுத்தியல்னு ஒருத்தன் கூட வேலை செய்யறான். வாயத் திறந்தா அடிதான், அதான் அந்தப் பேரு. அவன் ஒருத்தனே போதும்."

"அப்ப அங்க மட்டும் கை எப்படி நிக்குது?"

அவர் யோசித்தார். இதையெல்லாம் யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"கடையில ஒரு வழக்கம்மா. பெரிய கண்ணாடியத் தூக்குறவன் 'கண்ணாடி'ன்னு குரல் குடுப்பான். குடுத்தா எல்லாரும் நின்ன இடத்துல நிக்கணும். அவன்கிட்ட யாரும் பேசக் கூடாது, அவனும் யாருக்கும் பதில் சொல்லக் கூடாது. முதலாளி திட்டிக்கிட்டு இருந்தாக்கூட நிறுத்திடுவாரு. அவன் போய், கண்ணாடிய எறக்கி, கை காலியான பிறகுதான் மத்ததெல்லாம்." சொல்லிக்கொண்டே வந்தவரின் குரல் இறங்கியது. "அப்ப வீட்ல நான் வேணும்னேதான் பண்றேனா?"

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"வேணும்னே பண்ணல. அதுக்காக, நிறுத்தவே முடியாதுன்னும் இல்ல. ரெண்டும் நிஜம் சார்."

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு எங்கப்பா என்னைச் சொல்லிக்கிட்டே இருப்பாரு."

"புத்தி மட்டு இல்ல, அவகாசம்தான் மட்டு. கோபத்துக்கும் கைக்கும் நடுவுல கொஞ்சம் இடம் இருக்கணும். உங்களுக்கு வீட்ல ரெண்டும் ஒட்டிக்கிடுச்சு. மெதுவாப் பிரிப்போம். கோபம் வரக் கூடாதுன்னு சொல்லல. கை பறக்கறதுக்கு முன்னாடி உடம்பு ஏதாவது சொல்லும். அத முதல்ல கண்டுபிடிங்க."

ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தாள். எப்போது வந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, உடம்பில் எங்கே தெரிந்தது, பத்துக்கு எத்தனை என்று எழுதிவரச் சொன்னாள்.

அடுத்த வியாழன் நோட்டைப் புரட்டியவள் சிரித்துவிட்டாள். பத்துக்கு எத்தனை என்ற இடத்தில் எல்லாம் 'மூன்றுக்கு இரண்டு', 'நாலுக்கு நாலு' என்று இருந்தது.

"மார்க்கு போட வரலம்மா. கோபத்த ஒரு கண்ணாடின்னு வெச்சுக்கிட்டு, தூக்குறதுக்கு எவ்வளவு பெருசா இருந்துதோ அந்த அளவ அடிக்கணக்குல போட்டேன்."

"இதுவே நல்லாயிருக்கு. உடம்புல எங்கன்னு ஒரே இடத்த எழுதியிருக்கீங்களே?"

"காது. முதல்ல காதுதான் சுடுது. நாப்பது வயசாகியும் இது எனக்குத் தெரியாதும்மா."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. காது சுட்டதும் கையில் இருப்பதைக் கீழே வைக்க வேண்டும். "கண்ணாடி" என்று தானே குரல் கொடுக்க வேண்டும். கையில் உண்மையிலேயே கண்ணாடி இருப்பதாக நினைத்து இரண்டு கைகளையும் விரித்து, மெல்ல நடந்து வெளியே போய் இறக்கி வைக்க வேண்டும். காலி வீட்டில் தனியாகப் பழகினார். ஒருநாள் குழாயில் தண்ணீர் நின்றுபோய், பழகியதெல்லாம் மறந்து வாளியை உதைத்தார். அதையும் எழுதினார்.

"வாளிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள் ஆலோசகர்.

"ஒரு பக்கம் நசுங்கிப் போச்சு."

"உங்களுக்கு?"

"கட்டை விரல் வீங்கிப் போச்சு."

"வாளி ஜெயிச்சிடுச்சு. சரி, அடுத்ததப் பாப்போம்."

இப்படிச் சிரித்துக்கொண்டு ஒரு குற்றத்தைக் கேட்டுக்கொள்ள ஒரு மனிதரைக் கடவுள் அனுப்பினால், அதைச் செய்தவன் அதை மறைக்க வேண்டியதில்லை. மறைக்காத குற்றம் பாதி திருந்திய குற்றம்.

ஞாயிறுதோறும் மச்சான் வீட்டுக்குப் போய் மகளைப் பார்த்துவருவார். அவள் எதிரே உட்காருவாள், பக்கத்தில் வரமாட்டாள். எட்டாவது ஞாயிறு மச்சான் கூடத்தில் உட்கார்ந்தபடி வரவேற்றார்.

"வாங்க மாப்ள. நீங்க வர்றீங்கன்னதும் பாத்திரத்தையெல்லாம் உள்ள எடுத்து வெச்சுட்டேன். பிளாஸ்டிக் டம்ளர்ல டீ குடிப்பீங்கள்ல?" என்று டம்ளரை நீட்டினார்.

மனைவி "அண்ணா" என்றாள். மகள் பென்சில் டப்பாவை எடுத்துப் பின்னால் வைத்துக்கொண்டாள். அவர் அதைப் பார்த்தார். காது சுட்டது.

டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்தார். "கண்ணாடி," என்றார்.

கடைக்கு வந்து பழகிய பிள்ளை அவள். சட்டென்று நிமிர்ந்தாள். அப்பா இரண்டு கைகளையும் அகல விரித்து, இல்லாத ஒரு கண்ணாடியின் அடி விளிம்பைத் தாங்கிக்கொண்டு, அடிமேல் அடிவைத்துக் கூடத்தில் நடந்தார். மகள் ஓடிப்போய் வழியில் கிடந்த தன் பள்ளிப் பையை இழுத்துப் போட்டாள். வாசல் கதவை முழுக்கத் திறந்து, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள்.

வெளியே படிக்கட்டுச் சுவரில் அதைச் சாய்த்து வைத்துவிட்டு, காது ஆறும்வரை நின்றார்.

"எவ்வளவு பெருசுப்பா?" கதவிடுக்கிலிருந்து குரல் வந்தது.

"நாலுக்கு மூணு இருக்கும்."

"கனமா?"

"கனம்தான்."

அவள் வந்து சுவரைப் பார்த்தாள். பிறகு, கால் படாமல் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

உள்ளே போய் அவர் சொன்னார்: "மச்சான், நீங்க சொன்னதுல தப்பில்ல. ஆனா சிட்டு முன்னாடி சொல்லாதீங்க. எனக்கு வலிக்குது."

மச்சான் பிளாஸ்டிக் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். வேறு டீ வந்தது. பீங்கான் கோப்பையில்.

நான்கு மாதம் கழித்து மனைவியும் மகளும் வீட்டுக்கு வந்தார்கள். வந்த அன்றே மனைவி ஒன்று சொன்னாள்: "நீங்க தூக்குறப்பெல்லாம் கதவத் திறக்க நான் இருக்கேன்னு சிட்டு சொல்றா. அது அவ வேலை இல்ல. கதவ நீங்களேதான் திறந்துக்கணும்."

"ரெண்டு கையும் கண்ணாடியில இருக்கே?"

"அப்ப ஒரு கையில அடங்கற அளவாப் பாத்துத் தூக்குங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. அவள் சொன்னது சரிதான் என்று அவருக்குப் பிறகு விளங்கியது. காது சுடும் முதல் நொடியிலேயே குரல் கொடுத்தால் கண்ணாடி சின்னதாக இருந்தது. பொறுத்துப் பொறுத்துக் கடைசியில் கொடுத்தால்தான் நாலுக்கு நாலு.

ஆனால் மனிதன் மருந்தையும் ஆயுதமாக்கத் தெரிந்தவன். பள்ளிக்கூடத்துக் கூட்டத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் மறந்துபோன நாள், மனைவி கேட்க ஆரம்பித்தாள். "கண்ணாடி," என்றார். வெளியே போனார். வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அவள் மறுபடி எடுத்தாள். "கண்ணாடி." மூன்றாவது முறை அவர் கதவருகே போனபோது, நின்ற இடத்திலிருந்தே அவள் பேசினாள்.

"இறக்கி வெச்சுட்டு வாங்க, நான் குறுக்க வரல. ஒண்ணு மட்டும் கேக்கறேன். கடையில கண்ணாடியத் தூக்கிட்டுப் போய் சுவத்துல சாத்திட்டு வீட்டுக்கு வந்துடுவீங்களா? பொருத்த வேண்டாம்? நம்ம படிக்கட்டுல எத்தனை சாத்தி வெச்சிருக்கீங்க தெரியுமா? எனக்கு நடக்கவே வழியில்ல."

அவர் வெளியே போனார். காது ஆறியது, ஆனால் வேறெங்கோ சுட்டது. கோபத்தை இறக்கி வைப்பது பாதி வேலை. எதற்காகக் கோபம் வந்ததோ அதன் முன் திரும்பி வந்து நிற்பது மீதி வேலை. அந்தப் பாதிக்குத்தான் அவருக்குப் பயம்.

திரும்பி வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார். "மறந்துட்டேன். சிட்டு காத்துக்கிட்டு இருந்திருப்பா. நீ கேக்க ஆரம்பிச்சதும் எனக்கு வெக்கமாப் போச்சு. வெக்கம் வந்தா எனக்குக் கோபமாத்தான் வருது."

"இதச் சொல்ல உங்களுக்குப் பதினோரு வருஷம் ஆச்சு," என்றாள் மனைவி. குரலில் குத்தல் இல்லை. மறுநாள் அவர் பள்ளிக்குப் போய் டீச்சரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டு, மகளின் நோட்டுகளையெல்லாம் பார்த்துவிட்டு வந்தார்.

பிறகு வீட்டில் அது ஒரு விளையாட்டைப் போலவே ஆகிவிட்டது. "என்ன அளவு?" என்று மனைவி கேட்பாள். "அரைக்கு அரை" என்பார். கடையில் சுத்தியல் ஏதோ சொன்ன நாள், "இன்னைக்கு ஷோரூம் கண்ணாடிடி, ரெண்டு ஆள் வேணும்," என்றபடியே வாசலில் நின்று, இறக்கி வைத்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார்.

மழைக்காலம் வந்து போனது. எதிர்வீட்டு ஜன்னலில் அட்டை நனைந்து ஊறி, வேறு அட்டை மாறியது. ஒருநாள் மாலை மகள் தரையில் பரப்பி வரைந்துகொண்டிருந்தபோது, வண்ணத் தண்ணீர்க் கிண்ணம் சாய்ந்து, அவர் ஒரு வாரமாக அளவெடுத்து எழுதியிருந்த கடைத்தாள்களின் மேல் ஓடியது. மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பென்சில் டப்பா அவள் அருகிலேயே கிடந்தது. அதை அவள் தொடவில்லை.

"துணி எங்கப்பா? நான் துடைக்கறேன்," என்றாள்.

அன்று எழுதுவதற்காக நோட்டைத் திறந்தவர், பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். ஒரு மாதமாக முகம் பார்க்கும் கண்ணாடியைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. அன்றைய தேதிக்கு நேரே என்ன எழுதுவது என்று யோசித்தார். காது சுட்டதா என்பதே நினைவில்லை. வெறுமனே ஒரு கோடு போட்டு மூடினார்.

அடுத்த ஞாயிறு காலை தையல்காரம்மா துணிமூட்டையோடு படியிறங்குவதைப் பார்த்தார். தைத்ததைக் கொடுத்துவிட்டு வர அவளுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். மனைவியும் மகளும் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். முதல் நாளே வெட்டி, தாள் சுற்றிக் கடையில் வைத்திருந்த கண்ணாடியை எடுத்து வந்தார். ஒன்றேகாலுக்கு ஒன்று. அளவெடுக்கப் போகவே இல்லை; ஒரு வருடமாக அந்த அளவு மனதில் அப்படியே இருந்தது.

நடைபாதையில் ஆள் இல்லை. ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. தாளைப் பிரித்து, இரண்டு கையாலும் கண்ணாடியைத் தாங்கி நடந்தபோது, பழக்கத்தில் வாய் தானாக, "கண்ணாடி," என்று மெதுவாகச் சொன்னது. அவரே நின்று ஒரு முறை சுற்றிலும் பார்த்துக்கொண்டார். பிறகு நடந்தார்.

அட்டையைப் பிரித்தார். உள்ளே தையல் மெஷின் ஜன்னலை விட்டு விலகி, அறையின் நடுவில் தொங்கும் பல்புக்கு அடியில் கிடந்தது. சட்டத்தில் ஒட்டியிருந்த பழைய சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காகிதத்தில் மடித்தார். கண்ணாடியை வைத்தார். சொல்லிவைத்தாற்போல் உட்கார்ந்தது. மரச்சட்டத்தைப் பொருத்தி, சின்ன ஆணிகளை, சத்தம் வராமல் துணி வைத்துத் தட்டினார்.

காலை வெயில் கண்ணாடி வழியாகப் போய், காலியாகக் கிடந்த ஜன்னலோரத் தரையில் விழுந்தது.

அவர் தன் விரல் தடங்களைச் சட்டை நுனியால் துடைத்தார். அட்டையையும் சில்லுப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு, தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.